மரத்துக்கு அனுமதி கேட்டால் என்னென்ன பார்ப்பார்கள்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு சிறு செய்தி வந்திருந்தது. பூஞ்சை நோயால் காட்டை விட்டே போய்விட்ட அமெரிக்க செஸ்ட்நட் மரத்துக்குக் கோதுமையின் மரபணு ஒன்றைச் சேர்த்து, அதைக் காட்டில் நட அனுமதி கேட்டிருக்கிறார்கள், பரிசீலனை ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது என்ற செய்தி. அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்குத் தாவர நோயியல், உயிரித் தொழில்நுட்பத் துறைகளில் இருப்பவர்கள் இங்கே பதில் சொல்கிறார்கள்.

மரத்துக்கு நோய் வந்தால் மருந்து அடிக்கலாமே, மரபணுவில் கை வைக்கும் அளவுக்கு என்ன வந்தது?
– தேனி வாசகர்

மருந்து அடிக்கத் தோப்பாக இருந்தால் முடியும். இது காடு. மெயின் மாநிலத்தில் தொடங்கித் தெற்கே அலபாமா வரை, அப்பலாச்சிய மலைத்தொடர் முழுக்கப் பரவியிருந்த மரம். 1904இல் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலை வளாகத்து மரங்களில் நோய் கண்ணில் பட்டது. கிழக்காசியாவிலிருந்து இறக்குமதியான செஸ்ட்நட் கன்றுகளோடு வந்த பூஞ்சை அது. பெயர் கிரைஃபோனெக்ட்ரியா பாராசிட்டிகா. 1911இல் பென்சில்வேனியா மாநிலம் இதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்து, 2,75,000 டாலர் ஒதுக்கி, நோய்ப்பட்ட மரங்களை வெட்டித் தள்ளிப் பார்த்தது. நிற்கவில்லை. 1950க்குள் 300 முதல் 400 கோடி மரங்கள் போயின.

பூஞ்சையின் வித்துகள் காற்றிலும் மழைச் சாரலிலும் பறவைகளின் காலிலும் போகின்றன. பட்டையில் ஒரு சிறு வெடிப்பு கிடைத்தால் போதும். உள்ளே புகுந்து, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் வளர்படலத்தைத் தின்றுகொண்டே மரத்தைச் சுற்றி வருகிறது. பட்டையை உரித்தால் விசிறி மாதிரி விரிந்த வெளிறிய பூஞ்சைப் படலம் தெரியும், வெளியே ஆரஞ்சு நிறப் பொட்டுகள். வளையம் முழுதாகச் சுற்றிவிட்டால் அதற்கு மேலே இருப்பதெல்லாம் காய்ந்துவிடும். வேர் மட்டும் சாவதில்லை, ஏனென்றால் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் பூஞ்சையை அங்கே அண்டவிடுவதில்லை. அதனால் அடிக்கட்டையிலிருந்து தளிர் வந்துகொண்டே இருக்கிறது. ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, பட்டை வெடிக்கத் தொடங்கியதும் மறுபடி நோய் பிடிக்கிறது. பெரும்பாலானவை காய்க்கும் வயதுக்கு வருவதே இல்லை. போதாததற்கு இந்தப் பூஞ்சை ஓக் மரங்களிலும் தங்கிப் பிழைத்துக்கொள்கிறது. ஒழித்துக்கட்டலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஐரோப்பாவில் பூஞ்சையையே நோயாளியாக்கும் ஒரு வைரஸ் தானாகப் பரவி அங்கத்திய மரங்களைக் காப்பாற்றியது. அமெரிக்காவில் பூஞ்சை வகைகள் அதிகம். ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு அந்த வைரஸ் தாவ மாட்டேன் என்கிறது. சீன செஸ்ட்நட்டோடு கலப்பு செய்து எதிர்ப்புத் திறனைக் கொண்டுவரும் முயற்சியும் உண்டு. அமெரிக்க செஸ்ட்நட் அறக்கட்டளை 1983இல் தொடங்கியதே அதற்காகத்தான். ஆனால் சீன மரத்தின் எதிர்ப்பு பல மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது. அமெரிக்க மரத்தோடு திரும்பத் திரும்பக் கலக்கக் கலக்க, அந்த எதிர்ப்பும் கரைந்து போகிறது.

கோதுமை மரபணு பூஞ்சையைக் கொல்லுமா? கொல்லும் என்றால் மண்ணில் இருக்கும் நல்ல பூஞ்சைகளின் கதி என்ன?
– கோவை வாசகி

கொல்லாது. பூஞ்சையின் ஆயுதம் ஆக்ஸாலிக் அமிலம். அதைச் சுரந்துதான் மரத்தின் செல்களைச் சாகடித்து வழி செய்துகொள்கிறது. கோதுமையிலிருந்து எடுத்த மரபணு, ஆக்ஸலேட் ஆக்ஸிடேஸ் என்ற நொதியைச் செய்கிறது. இந்த நொதி அந்த அமிலத்தைக் கார்பன் டை ஆக்ஸைடாகவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடாகவும் உடைத்துவிடுகிறது. ஆயுதம் போனதும் பூஞ்சை மேல்பட்டையோடு நின்றுவிடுகிறது. மரமும் இருக்கும், பூஞ்சையும் இருக்கும். எனவே ‘நோய் எதிர்ப்பு’ என்பதைவிட ‘நோய் தாங்கும் திறன்’ என்பதே சரி.

நொதி வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது. இலையிலிருந்து ஒரு சிறு வட்டத் துண்டு வெட்டி, ஆக்ஸாலிக் அமிலமும் சாயப்பொருளும் கலந்த கரைசலில் போட்டு வைக்கிறார்கள். நொதி இருந்தால் அங்கே உண்டாகும் பெராக்ஸைடு சாயத்தை மாற்றி, துண்டு கருத்துவிடும். இல்லாவிட்டால் பச்சையாகவே கிடக்கும். இந்தச் சோதனையை நினைவில் வையுங்கள், பின்னால் வரும் ஒரு கேள்விக்கு இதுதான் முக்கியம்.

நல்ல பூஞ்சைகளைப் பற்றிய உங்கள் கவலையை ஆய்வாளர்களும் பட்டார்கள். மரத்தின் வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் வழக்கம்போல் குடியேறுகின்றனவா, இதன் உதிர்ந்த இலைகளின் நடுவே மற்ற காட்டுச் செடிகளின் விதை முளைக்கிறதா, அந்தச் சருகு ஊறிய நீரில் தவளைக் குஞ்சுகள் வளர்கின்றனவா, நொதி கலந்த மகரந்தம் தின்ற வண்டுத்தேனீ பிழைத்துப் பெருகுகிறதா என்று தனித்தனியே சோதித்தார்கள். சாதாரண செஸ்ட்நட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும்படியான கெடுதல் எதிலும் தெரியவில்லை. இவை கூண்டிலும் தொட்டியிலும் சில வாரம், சில மாதம் நடந்த சோதனைகள் என்பதும் உண்மை. ஐம்பது வருடக் காட்டை எந்தத் தொட்டியிலும் வைத்துப் பார்க்க முடியாது.

இதற்கு யார் அனுமதி தரவேண்டும்? ஒரே அலுவலகமா?
– நாகர்கோவில் வாசகர்

மூன்று. 1986இல் வகுத்த ஒருங்கிணைந்த நெறிமுறைப்படி அமெரிக்காவில் வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் வேளாண்துறையின் ஏஃபிஸ். தாவர, விலங்கு நலனைக் கவனிக்கும் பிரிவு அது. இதன் கேள்வி மிகக் குறுகியது: இந்த மரம் மற்ற தாவரங்களுக்குப் பீடையாகுமா? மரபணுவைச் செருக, செடிக்குள் தன் மரபணுவைப் புகுத்தும் மண் பாக்டீரியமான அக்ரோபாக்டீரியத்தைப் பயன்படுத்தியதும், அதை இயக்கும் விசையாகக் காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து 35எஸ் என்ற துண்டை எடுத்ததும்தான் இந்த மரத்தை ஏஃபிஸின் வாசலுக்குக் கொண்டுவந்தன. இரண்டுமே தாவரப் பீடைகளின் சொத்து. அந்த வாசலில் நுழைந்த பிறகு, தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டப்படி சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் எழுதியாக வேண்டும். பூர்வகுடி நாடுகளோடு கலந்து பேசுவதும் இந்தக் கட்டத்தில்தான். அந்தக் காடுகளில் பல அவர்களுடைய உரிமை நிலங்கள் என்பதால் இதைச் சடங்காக நினைக்கக் கூடாது.

இரண்டாவது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ. பூச்சிமருந்துச் சட்டத்தின் கண்ணில், நோயைத் தடுக்க மரம் தனக்குள்ளே செய்துகொள்ளும் பொருளும் மருந்துதான். ஆகவே நொதியை ஒரு மருந்தைப் போலவே ஆராய்கிறார்கள்: எலிக்குக் கொடுத்தால் என்ன ஆகிறது, செயற்கை இரைப்பை நீரில் எவ்வளவு நேரத்தில் சிதைகிறது, அதன் அமினோ அமில வரிசை ஒவ்வாமை தரும் புரதங்கள் எதையாவது ஒத்திருக்கிறதா?

மூன்றாவது உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ. கொட்டையைத் தின்கிறோம் அல்லவா, அதனால். சட்டப்படி இந்தக் கலந்தாய்வு விருப்பத்தின்பேரில் நடப்பது, ஆனால் இதைத் தாண்டாமல் யாரும் சந்தைக்குப் போனதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு எல்லாம் வழக்கமான கொட்டையின் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

சிரகியூஸ் நகரில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் வனவியல் கல்லூரி, ‘டார்லிங் 58’ என்ற மரத்துக்காக 2020 ஜனவரியில் ஏஃபிஸிடம் மனு கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மக்கள் கருத்துக்கு 60 நாள் அவகாசம் தரப்பட்டது. வரைவு அறிக்கைகள் 2022 நவம்பரில் வந்தன. அதற்கு மறுபடி ஒரு சுற்று கருத்துக் கேட்பு. கால அளவு உங்களுக்கு இதிலேயே தெரிந்திருக்கும்.

மனுவுக்குள் என்ன இருக்கும்? ஒரு மாணவிக்குப் புரியும்படி சொல்லுங்கள்.
– திருச்சி வேளாண் கல்லூரி மாணவி

முதல் பாகம் மரத்தின் அடையாளம். மரபணு எத்தனை இடத்தில் செருகியிருக்கிறது, முழுதாக இருக்கிறதா, எந்தக் குரோமோசோமில் எந்த இடத்தில், அந்த இடத்தில் மரத்தின் சொந்த வரிசை ஏதாவது அறுபட்டதா? டிஎன்ஏவைத் துண்டாக்கிப் பார்க்கும் சதர்ன் பிளாட் சோதனையில் எண்ணிக்கை பார்ப்பது பழைய வழி. இப்போது முழு மரபுத்தொகுதியையும் படித்து, செருகலின் இரு ஓரங்களிலும் ஒட்டியிருக்கும் மரத்தின் வரிசையைக் கண்டுபிடிக்கிறார்கள். செருகல் ஒவ்வொன்றும் ‘நிகழ்வு’ எனப்படும். அக்ரோபாக்டீரியம் எங்கே செருகும் என்பது நம் கையில் இல்லை. மரபணுவும் அதை இயக்கும் விசையும் சேர்ந்த தொகுப்பை மரபணுக் கட்டு என்பார்கள். ஒரே கட்டினை நூறு செல்லில் போட்டால் நூறு வெவ்வேறு இடம். அனுமதி கட்டுக்குக் கிடையாது, குறிப்பிட்ட ஒரு நிகழ்வுக்குத்தான்.

அடுத்தது மரபுவழி. ஒரு பிரதி மட்டும் உள்ள மரத்தைக் காட்டு மரத்தோடு கலந்தால், பிள்ளைகளில் பாதிக்குப் பாதி மரபணு இருக்க வேண்டும். இலைத்துண்டுச் சோதனையில் கறுத்தவை, கறுக்காதவை என எண்ணிப் பார்த்து, பாதிக்கு வெகுவாக விலகினால் ஏன் என்று விளக்கம் சொல்ல வேண்டும். கறுக்காத உடன்பிறப்புகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரே தாய், ஒரே வயது, மரபணு மட்டும் இல்லை என்பதால், பிற்பாடு எல்லாச் சோதனைக்கும் அவையே மிகச் சரியான ஒப்பீட்டு மரங்கள்.

மூன்றாவது, குணம் வேலை செய்கிறது என்ற சான்று. கன்றின் தண்டில் பட்டையை மெல்லக் கீறி, பூஞ்சை வளர்ந்த அகர் துண்டை வைத்து ஈரம் காயாமல் மூடி, வாரக்கணக்கில் புண்ணின் நீளத்தை அளப்பார்கள். பக்கத்திலேயே சாதாரண அமெரிக்கக் கன்றும் சீனக் கன்றும் நிற்க வேண்டும். கெட்ட எல்லை ஒன்று, நல்ல எல்லை ஒன்று. அந்த இரண்டும் இல்லாத அளவீட்டுக்கு மதிப்பு கிடையாது. வீரியம் குறைந்த பூஞ்சை வகையை வைத்தால் எல்லா மரமும் தப்பிக்கும், வீரியம் மிகுந்ததை அதிக அளவில் வைத்தால் எல்லாம் சாகும். இளங்கன்றில் நடத்திய சோதனை முதிர்ந்த மரத்துக்குப் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. இந்த இடத்தில்தான் மர ஆராய்ச்சி நெல், பருத்தி ஆராய்ச்சியிலிருந்து பிரிகிறது.

வயல் சோதனைக்குத் தனி அனுமதி உண்டு. அதில் பெரிய வேலை பூவைக் காவல் காப்பது. செஸ்ட்நட்டின் ஆண்பூக்கள் நீண்ட கதிராகத் தொங்கும். மகரந்தம் உதிரும் முன் அவற்றைக் கிள்ளிவிட வேண்டும், அல்லது பையால் கட்ட வேண்டும். முள்ளுறைக்குள் மூன்று கொட்டை இருக்கும். அவை வெடித்து விழுவதற்குள் எண்ணி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அணில் எடுத்துப்போய் வேறெங்கோ புதைத்துவிடும். ஏணி வைத்து எட்டும் உயரத்தில் இருக்கும்வரை இதெல்லாம் நடக்கும். மரம் முப்பது நாற்பது அடி போன பிறகு ஒரு கதிரைத் தவறவிட்டாலும் அந்த அனுமதி நிபந்தனை மீறப்பட்டதுதான். அதனாலேயே பெரும்பாலான சோதனைகள் மரம் பெரிதாகும் முன்பே வெட்டப்பட்டுவிடுகின்றன. முதிர்ந்த மரம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அனுமதி தரலாம், அனுமதி தந்தால்தான் மரத்தை முதிரவிடலாம். இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

அனுமதி வரும் நேரத்தில் ‘மரம் மாறிப்போச்சு’ என்று படித்தேன். அவ்வளவு பெரிய ஆய்வில் இது எப்படி நடக்கும்?
– மதுரை வாசகர்

2023 டிசம்பரில் வெளியே வந்த செய்தி அது. மனுவில் இருந்தது டார்லிங் 58. பல ஆண்டுகளாகக் கலப்பு செய்து, வயலில் நட்டு, அளந்து, சோதித்த மரங்களோ டார்லிங் 54. இரண்டும் ஒரே ஆய்வகத்தில் ஒரே மரபணுக் கட்டு கொண்டு உருவானவை. 58இல் செருகல் ஏழாவது குரோமோசோமில். 54இல் நான்காவது குரோமோசோமில், அதுவும் சால்1 என்ற மரபணுவின் உள்ளேயே. செருகும்போது அந்த இடத்தில் மரத்தின் சொந்த வரிசையில் 1,069 எழுத்துகள் காணாமலும் போயிருக்கின்றன.

ஏன் இவ்வளவு நாள் தெரியவில்லை? மேலே நினைவில் வைக்கச் சொன்ன இலைத்துண்டுச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 58ஆக இருந்தாலும் கறுக்கும், 54ஆக இருந்தாலும் கறுக்கும். குறிப்பிட்ட டிஎன்ஏ வரிசையைப் பெருக்கி, மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் சாதாரண பிசிஆர் சோதனையும் இரண்டுக்கும் ‘ஆம்’ என்றே சொல்லும். அது கட்டுக்குள்ளே இருக்கும் வரிசையைத்தான் தேடுகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஓரச் சந்திப்பு பிசிஆர். அதன் ஒரு தொடக்கத்துண்டு (பிரைமர்) மரத்தின் வரிசையில் உட்கார வேண்டும், மற்றொன்று செருகலுக்குள் உட்கார வேண்டும். 58க்கான தொடக்கத்துண்டு ஜோடியை 54 மரத்தின் டிஎன்ஏவில் போட்டால் விடைக் கோடே விழாது. செலவு சொற்பம், ஒரு நாள் வேலை. ஒவ்வொரு தலைமுறைக் கன்றிலும், ஒவ்வொரு மகரந்தப் பொட்டலத்திலும் இதைச் செய்திருந்தால் குழப்பம் முதல் வருடமே பிடிபட்டிருக்கும்.

கண்ணாடிக் குடுவையில் இருக்கும் இரண்டு தளிருக்கும், உறைபெட்டியில் இருக்கும் இரண்டு மகரந்தக் குப்பிக்கும் கண்ணுக்கு வேறுபாடு கிடையாது. சீட்டு ஒன்றுதான் அடையாளம். அந்த மகரந்தம் ஒருமுறை மற்ற மாநிலக் கூட்டாளிகளுக்குப் போய்விட்டால், தவறும் அங்கங்கே தலைமுறை தலைமுறையாகப் போகும்.

மரத்துக்கு இதனால் என்ன? ஒரு பிரதி உள்ள மரத்தில் சால்1இன் மறு பிரதி தாயிடமிருந்து நல்லபடியாக வந்திருக்கும், சமாளித்துக்கொள்ளும். இரண்டு பிரதியும் செருகலோடு வந்த மரத்தில் சால்1 முற்றிலும் இருக்காது. ஆனால் காட்டு மீட்புத் திட்டத்துக்கு வேண்டியது அப்படிப்பட்ட மரம்தான், ஏனென்றால் அதன் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நொதி கிடைக்கும், பாதியைக் கழிக்க வேண்டியதில்லை. அடையாளக் குழப்பம் இந்த இடத்தில் நேரே வயலைத் தொடுகிறது.

அமெரிக்க செஸ்ட்நட் அறக்கட்டளை தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. வயல் மரங்களில் வளர்ச்சி குன்றுகிறது, சாவு அதிகம், நோய் தாங்குவதும் மரத்துக்கு மரம் மாறுகிறது என்பவை அது சொன்ன காரணங்கள். 35எஸ் விசை எப்போதும் எரியும் விளக்கு மாதிரி, நோய் இல்லாத நேரத்திலும் எல்லாத் திசுவிலும் நொதியைச் செய்யவைத்து மரத்தின் சக்தியை உறிஞ்சுகிறது என்ற ஐயமும் உண்டு. காயம் பட்டால் மட்டும் விழிக்கும் விசையை வைத்து அடுத்த தலைமுறை மரங்களைச் செய்து வருகிறார்கள். பல்கலைக்கழகம் மனுவைக் கைவிடவில்லை, 54 என்று திருத்திக்கொண்டு தொடர்ந்தது. இத்திட்டத்துக்கு முப்பது ஆண்டுக்கும் மேல் உழைத்த வில்லியம் பவல் 2023 நவம்பரில் காலமானார். ஒரு மாத இடைவெளிக்குள் இரண்டு அடி.

எங்கள் கருத்தைக் கேட்டால், பரிசீலனைக்கு வந்த தாள்களை அதிகாரிகள் கவனமாகப் படித்தார்கள். தாளில் இருக்கும் மரமும் வயலில் நிற்கும் மரமும் ஒன்றுதானா என்று தனியாக ஓர் ஆய்வகத்தில் சோதிக்க யாருக்கும் கட்டாயம் இருக்கவில்லை. மனுதாரர் அனுப்பும் தரவை நம்பியே இந்த முறை நடக்கிறது. மனுவோடு இருபது முப்பது வயல் மரங்களின் இலையை மூன்றாம் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பி ஓரச் சந்திப்புச் சோதனை செய்யவேண்டும் என்ற ஒரு வரி விதி இருந்தால் போதும்.

அனுமதி கொடுத்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?
– சேலம் வாசகர்

பலரும் கவனிக்காத ஓட்டை இதுதான். ‘ஒழுங்குமுறைக்கு உட்படாதது’ என்று ஏஃபிஸ் முடிவு செய்துவிட்டால், அந்த மரத்தின் மேல் அதற்கு அதிகாரமே போய்விடும். கண்காணி என்று உத்தரவு போட முடியாது. இபிஏ மட்டும் பதிவு கொடுக்கும்போது நிபந்தனை விதிக்கலாம், பிறகு திரும்பப் பெறவும் செய்யலாம். பருத்தி விதைக்கு இது பெரிதாகத் தெரியாது. அடுத்த வருடம் வேறு விதை வாங்கினால் முடிந்தது. இருநூறு வருடம் நிற்கும் மரத்துக்கு இது போதவே போதாது.

செஸ்ட்நட்டுக்கு உறவுக்காரச் செடி சிங்கபின் அதே காடுகளில் இருக்கிறது, இரண்டும் கலக்கும். சீன செஸ்ட்நட் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு கவலை உண்டு. செஸ்ட்நட்டில் நாம் தின்பது விதையின் பருப்பு. அதில் பாதி மரபு மகரந்தம் தந்த மரத்துடையது. எனவே மரபணு மாற்றாத மரத்திலேயே மாற்றிய மரபணு உள்ள கொட்டை விளையலாம். பப்பாளியில் அப்படியில்லை. அங்கே தின்னும் சதை முழுக்கத் தாய்மரத்துடையது, விதையில்தான் கலப்பு தெரியும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெற்குப் பகுதி மண்ணில் ஃபைட்டாப்தோரா என்ற வேரழுகல் நோயும் உண்டு. கோதுமை நொதி அதற்கு ஒன்றும் செய்யாது. அனுமதி கிடைத்த மரத்தை அந்த மண்ணில் நட்டுவிட்டுச் செத்துப்போனதும் தொழில்நுட்பத்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஹவாயில் பப்பாளிக்கு இரண்டே வருடத்தில் எல்லா அனுமதியும் கிடைத்ததாமே. வளையப்புள்ளி நோயால் என் தோட்டம் பாதி போய்விட்டது. அந்த விதையை வாங்கி நடலாமா?
– ஒட்டன்சத்திரம் விவசாயி

நடாதீர்கள். காரணம் இரண்டு.

இந்தியாவில் மரபணு மாற்றிய பப்பாளிக்கு அனுமதி கிடையாது. அனுமதியில்லாமல் இறக்குமதி செய்வதும் நடுவதும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989ஆம் ஆண்டு விதிகளை மீறுவதாகும். அடுத்தது, அந்த விதை உங்கள் தோட்டத்தில் எடுபடும் என்று நம்ப இடமில்லை. ஹவாய் மரத்தில் வைத்திருப்பது அங்கத்திய வளையப்புள்ளி வைரஸின் மேலுறைப் புரத மரபணு. மரம் அந்த வரிசையை அடையாளம் வைத்துக்கொண்டு, உள்ளே வரும் வைரஸின் ஆர்என்ஏவை வெட்டித் தள்ளுகிறது. வரிசை ஒத்துப்போனால்தான் வெட்டும். ஆசியாவின் வைரஸ் வகைகள் அதிலிருந்து விலகியவை. தாய்லாந்து, தைவான் வகைகளுக்கு ஹவாய் மரம் தாக்குப்பிடிக்கவில்லை.

ஹவாயில் வேகமாக நடந்ததற்குக் காரணம் உண்டு. ஹவாய்த் தீவின் பூனா மாவட்டத்தில் 1992இல் நோய் நுழைந்தது. தாவர வைரஸ் ஆய்வாளர் டென்னிஸ் கோன்சால்வஸின் குழு அதற்கு முன்பே மரத்தைத் தயார் செய்து வைத்திருந்தது. 1995இல் பூனாவிலேயே வயல் சோதனை தொடங்கியது. ஏஃபிஸ் 1996இல் விடுவித்தது, மற்ற இரண்டு முகமைகளும் 1997இல் முடித்தன. பப்பாளி ஒரு வருடத்துக்குள் காய்க்கிறது, வெட்டினால் போய்விடுகிறது, ஹவாய்க் காட்டில் அதற்கு உறவுச் செடி இல்லை. கேள்விகள் பாதி அப்படியே அடிபட்டுப் போயின. ஆனால் மரபணுத் துண்டுகளின் காப்புரிமைக்காரர்களிடம் உரிமம் வாங்க 1998 ஏப்ரல் வரை ஆயிற்று. விதை மே மாதம்தான் விவசாயிகள் கைக்கு வந்தது. ஜப்பான் தன் சந்தையைத் திறந்தது 2011இல். அரசு அனுமதி கிடைப்பதோடு வேலை முடிவதில்லை, வாங்குபவர் நாட்டின் அனுமதியும் வேண்டும்.

உங்கள் தோட்டத்துக்கு: நாற்றை நைலான் வலைக்குள் வளர்த்து நடுங்கள். நடுவதற்கு ஒரு மாதம் முன்பே தோட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் அல்லது சோளம் விதைத்து விடுங்கள். அசுவினி முதலில் அதில் இறங்கி மூக்கைக் குத்தும்போது வைரஸை அங்கேயே துடைத்துவிட்டு வரும். இலைக்காம்பில் எண்ணெய்க் கோடு போல் பட்டை தெரிந்த அன்றே அந்த மரத்தைப் பிடுங்கிவிடுங்கள். காயில் வளையம் தெரியும்வரை காத்திருந்தால் பக்கத்து வரிசைக்குப் போயிருக்கும். பூசணி, வெள்ளரி வகைகளைப் பப்பாளிக்குள் ஊடுபயிராகப் போட வேண்டாம்.

அனுமதி வாங்கியும் விற்பனைக்கு வராத மரம் உண்டா?
– புதுச்சேரி வாசகி

உண்டு, ‘ஹனிஸ்வீட்’ பிளம். பிளம் பாக்ஸ் வைரஸுக்கு எதிராக அமெரிக்க வேளாண்துறை விஞ்ஞானிகளே உருவாக்கியது. ஏஃபிஸ் 2007, எஃப்டிஏ 2009, இபிஏ 2011 என மூன்று படியும் ஏறியது. ஆனால் பென்சில்வேனியாவில் 1999இல் நுழைந்த அந்த நோயைத் தோட்டங்களை அடியோடு வெட்டியே ஒழித்துவிட்டார்கள், 2019இல் நாடே நோயற்றதாக அறிவிக்கப்பட்டது. நோய் மலிந்திருக்கும் ஐரோப்பாவில் அனுமதி இல்லை. மரம் தயார், தேவை இருக்கும் இடத்தில் கதவு சாத்தியிருக்கிறது.

நம் ஊரில் மரம் என்றே சொல்லும் வாழையையும் இங்கே சேர்க்கலாம். பனாமா வாடல் நோயின் டிஆர்4 வகையைத் தாங்கும் க்யூகேவ்-4 என்ற கேவண்டிஷ் வாழைக்கு ஆஸ்திரேலியா 2024இல் அனுமதி தந்தது. காட்டு வாழையின் மரபணு ஒன்றைத்தான் அதில் சேர்த்திருக்கிறார்கள். உடனே பயிரிட்டு விற்பதாகத் திட்டமில்லை, நோய் கைமீறினால் எடுக்க ஒரு காப்பாக வைத்திருக்கிறார்கள். விளைநிலத்தில் பாதி போன பிறகு மனு எழுத உட்காருவதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்தியாவில் இப்படி ஒரு மரம் மனு போட்டால்?
– மார்த்தாண்டம் ரப்பர் விவசாயி

போட்டாயிற்று, உங்கள் ரப்பருக்கே. நோய்க்காக இல்லை, குளிரையும் வறட்சியையும் தாங்க. கோட்டயம் புதுப்பள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கன்றுகளை 2021 ஜூனில் குவஹாத்தி அருகே சருதாரியில் சோதனைக்காக நட்டார்கள்.

பாதை இது: நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு, பிறகு உயிரித் தொழில்நுட்பத் துறையின் மரபணு மாற்ற ஆய்வுக் குழுவான ஆர்சிஜிஎம், பிறகு சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவான ஜிஇஏசி. வயல் சோதனைக்கு அந்த மாநில அரசின் ஆட்சேபணையின்மைச் சான்றும் வேண்டும். பல மனுக்கள் நிற்பது அந்தச் சான்றில்தான். சோதனையின் முதல் நிலை ஓர் ஏக்கருக்கு மிகாமல், இரண்டாம் நிலை இரண்டரை ஏக்கருக்கு மிகாமல், சில பருவங்கள் என்று வகுத்திருப்பது பருத்தி, கத்தரியை மனத்தில் வைத்து. பால் வெட்டவே ஏழு வருடம் ஆகும் ரப்பருக்குப் ‘பருவம்’ என்றால் என்ன? மரத்துக்கென்று தனி வழிகாட்டு நெறி எழுத வேண்டும் என்பதை நாங்கள் அழுத்தியே சொல்கிறோம். வெளி மரபணு சேர்க்காத மரபணுத் திருத்தச் செடிகளில் இரண்டு வகைகளுக்கு 2022 மார்ச்சில் விலக்கு தந்திருக்கிறார்கள். மரங்களும் அந்த வழியாக வரத்தான் போகின்றன.

மக்கள் கருத்துக் கேட்கிறார்கள் என்றால் நாம் எழுதுவதை யாராவது படிப்பார்களா?
– தஞ்சாவூர் வாசகர்

படிக்கிறார்கள், ஆனால் ஓட்டு மாதிரி எண்ணுவதில்லை. ஒரே அச்சில் ஆயிரம் கடிதம் போனால் ஒரே கருத்தாகக் கட்டிவிடுவார்கள். வரைவு அறிக்கையின் பக்க எண்ணைக் குறிப்பிட்டு, ‘இந்த முடிவுக்கு அடிப்படை இத்தனை மரங்கள், இத்தனை மாதச் சோதனை. இன்ன சோதனை செய்யப்படவில்லை. அதை இப்படிச் செய்யலாம்’ என்று எழுதினால், அதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப்போவது அலுவலகத்துக்குக் கடினம். ஆதரித்து எழுதினாலும் இதே முறைதான். எந்த மனுவையும் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது ஒன்று: ஒவ்வொரு அட்டவணையின் கீழும், அளந்த மரம் எந்த நிகழ்வு, எத்தனையாவது தலைமுறை, அடையாளத்தை எந்தச் சோதனையால் உறுதி செய்தார்கள் என்று எழுதியிருக்கிறதா? எழுதவில்லை என்றால் உங்கள் கடிதத்தின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.